ஒன்பதரைப் பொருத்தம்

தூத்துக்குடியில் பிறந்தவன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மூன்று விஷயங்களை உடனே நம்பிவிடுகிறார்கள். ஒன்று, எனக்கு நீச்சல் தெரியும். இரண்டு, வீட்டில் எப்போதும் ஒரு பெட்டி மக்ரூன் இருக்கும். மூன்று, கடல் மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. முதலாவது சுத்தப் பொய். இரண்டாவது உண்மையாக இருந்தால் நானே அன்றைக்கே தின்று தீர்த்திருப்பேன். மூன்றாவதைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம். எனக்கு மீனைத் தெரியும். ஆனால் குழம்பில் விழுந்த பிறகுதான் தெரியும். துண்டைப் பார்த்தே இது சீலா, இது பாறை, இது ஊளி என்று சொல்லிவிடுவேன். அதே மீன் உயிரோடு எதிரே வந்தால் யாரோ என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கி நிற்பேன்.

இதை ஹேமாவின் அப்பாவிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் என் கல்யாணமே ஒரு சனிக்கிழமை மத்தியானம் இட்லிக் குண்டானுக்குள் போய்விட்டது.

ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் டெஸ்டர். அடுத்தவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். ஹேமா அதே மாடியில் வேறொரு டீம். எங்கள் காதல் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை (அவள் இதைப் படிப்பாள்). என் அம்மா ஊரில் ஜாதகம் பார்த்ததில் பத்துக்கு ஐந்து பொருத்தம்தான் தேறியது. அம்மா கலங்கவில்லை. வேறொரு ஜோசியரிடம் போய் அதை ஏழாக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கம் முடிந்தது. பாக்கியிருந்தது ஹேமாவின் அப்பாவுடைய ஒரு வார்த்தை.

அந்த ஒரு வார்த்தையை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அவரைப் பார்த்ததும் புரிந்தது. மாமா (அப்போது நான் அவரை அங்கிள் என்றுதான் அழைத்தேன்) பேசுவதையே வீண்செலவாகக் கருதுபவர். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக மதராஸ் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாமா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் நுணுக்கமான கருவிகளை ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். மல்காஜ்கிரி வீட்டு ஹாலில் என்னை உட்காரவைத்து, என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குலத்தைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சொந்த ஊரு எது தம்பி?"

"தூத்துக்குடி, அங்கிள்."

"ஹவ்வா!" (அப்படியா!) என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடல்கார ஊரு. மீன்னா இஷ்டமா?"

"உயிரு அங்கிள்" என்றேன். பொய் இல்லையே. முந்தாநாள்கூட நான்கு துண்டு தின்றிருந்தேன்.

மாமா எழுந்து என் தோளில் கைபோட்டு (ஹேமா வாயைப் பொத்திக்கொண்டாள், அவர் அவளுடைய பெரியப்பா தோளில்கூடக் கைபோட்டதில்லையாம்) சுவரோரம் அழைத்துப்போனார். ஹாலின் ஒரு பக்கம் முழுக்க ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகளை அடுக்கிக் கட்டிய வளைவுகள், அவற்றின்மேல் ஊதாவும் பச்சையுமாக அசைகிற பவளங்கள். நான் அவற்றை நல்ல தரமான பிளாஸ்டிக் என்று நினைத்து, "எங்க வாங்குனீங்க?" என்று கேட்கப் போய் நல்லவேளையாகத் தும்மினேன். கடலே இல்லாத ஹைதராபாத்தில் நீல டிரம்மில் உப்பைக் கரைத்து, கரைத்து, ஆறு வருஷமாக இந்த மனிதர் ஒரு துண்டுக் கடலை வளர்த்திருந்தார்.

குடியிருப்பவர்களை அறிமுகப்படுத்தினார். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. தட்டையான நீல மீன் ஒன்று. மணலில் படுத்தே காலம் தள்ளும் மீன் ஒன்று. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "இவங்க டாக்டரம்மா" என்றார்.

அது ஒரு இறால். சிவப்பு முதுகு, நடுவே தலையிலிருந்து வால்வரை ஒரு வெள்ளைக் கரை, நீளமான வெள்ளை மீசை. மற்ற மீன்கள் அதன்முன் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்க, அது உள்ளே காலைவிட்டுச் சுத்தம் செய்தது. மாமா தண்ணீருக்குள் கையை விட்டதும் ஏறி உட்கார்ந்து அவர் நகத்தைச் சுரண்டியது. மாமாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை, பின்னால் எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடியும் நான் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு மீனுக்கு இடம் இருக்கு" என்றார். "எல்லாரோடயும் ஒத்துப்போகணும். நீங்களே பாத்து எடுத்துட்டு வாங்க."

வாசலில் ஹேமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "முத்து, புரியுதா உனக்கு? அப்பா என்னையே அந்தத் தொட்டிய தொட விடமாட்டாரு. நீ எடுக்கற மீன் செட் ஆச்சுன்னா நீயும் செட் ஆயிட்டே. சொதப்பிராதே, ப்ளீஸ்."

(அவளைத் தொட விடாததற்குக் காரணம், பள்ளியில் படிக்கும்போது பாவம் பார்த்து ஒரு டப்பா தீனியையும் ஒரே நாளில் பழைய தொட்டியில் கொட்டியவள் அவள்.)

அன்றிலிருந்து இரண்டு வாரம் நான் ஆபீஸில் வேலை பார்க்கவில்லை. எக்செல்லில் ஒரு பெரிய கட்டம் போட்டேன். இடப்பக்கம் தொட்டியில் இருப்பவர்கள். மேலே பத்துப் பொருத்தம். உருவப் பொருத்தம், உணவுப் பொருத்தம், குணப் பொருத்தம், தூங்குகிற இடத்தில் சண்டை வராத சயனப் பொருத்தம் என்று வரிசையாகப் பெயர் வைத்தேன். ஒரே ஜாடையும் ஒரே குடும்பமுமான மீன்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று படித்ததும் 'சகோத்திரம் கூடாது' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். (நம் முன்னோர்கள் மீன்தான் வளர்த்தார்களோ என்று அன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.)

வரன்கள் வரிசையாகக் கழிந்தன. வண்ணத்துப்பூச்சி மீன் லட்சணமாக இருந்தது. ஆனால் பவளத்தையே கொறித்துத் தின்னுமாம். சிங்க மீனுக்கு வாயில் நுழைகிற எல்லோரும் சாப்பாடு. ஒன்று அழகோ அழகு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள பூச்சியைத்தான் உண்ணும், போடுகிற தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மாமியார் வீட்டில் சாப்பிட மறுக்கிற மாப்பிள்ளை நமக்கு எதற்கு என்று அதையும் தள்ளினேன். நடுவில் அம்மா தினமும் போன். "செவ்வாக்கெழம எடுக்காதல. எமகண்டம் பாத்துக்க. அது ஆணா பொண்ணா, கேட்டியா?"

கடைசியில் ஒன்று கிடைத்தது. சுண்டுவிரல் நீளம். ஊதா உடம்பில் நெடுக ஆறு ஆரஞ்சுக் கோடுகள். பவளத்தைத் தொடாது, கெட்ட புழுவைத் தின்னும், யார் ஜாடையும் இல்லை. பத்துக்கு ஒன்பதரை. அந்த அரை மதிப்பெண் எங்கே போனது என்றால், 'சில சமயம் சிறிய இறால்களைத் தொந்தரவு செய்யலாம்' என்று ஒரு வரி இருந்தது. டாக்டரம்மா சிறியவர் அல்ல, மீசையோடு சேர்த்தால் அவர்தான் பெரியவர் என்று நானே தீர்ப்பு எழுதி மேலே போனேன். கடைக்காரரும் "ஏக்தம் ஷரீஃப் மச்லி, சாப்" என்று அடித்துச் சொன்னார் (பரம சாது என்று பொருள்).

ஆறு கோட்டான் என்று நான் பெயர் வைத்த அந்த மீனை மாமா மூன்று வாரம் உள்ளறையில் சின்னத் தொட்டியில் தனியாக வைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய தொட்டியில் விட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோமாளிகள் பார்த்தன. நீல மீன் ஒரு சுற்று வந்தது. டாக்டரம்மா மீசையை ஆட்டினார். அவ்வளவுதான். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு வாரம் கழித்தும் அமைதி. மாமா என்னைப் பார்த்து, "பரவால்ல தம்பி" என்றார். ஹேமாவின் கணக்கில் அது வேறு அப்பாக்கள் கட்டிப்பிடித்து அழுவதற்குச் சமம்.

அந்த வார இறுதியில் விஜயவாடாவில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மாமாவும் அத்தையும் (ஹேமாவின் அம்மா) வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. தீனி போடும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு! மாமா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை. "கைய மட்டும் உள்ள விட நக்கோ" என்று வாயாலும் சொன்னார் (நக்கோ என்றால் ஹைதராபாத்தில் வேண்டாம் என்று பொருள்).

சனிக்கிழமை காலை மல்காஜ்கிரி போனேன். ஹேமாவுக்கு அன்று ஆபீஸ் ரிலீஸ் வேலை. மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகத்தை மறந்திருந்தாள். நான் சீட்டியடித்தபடி சிட்டிகைத் தீனியை எடுத்துக்கொண்டு தொட்டியைக் குனிந்து பார்த்தேன்.

மணலில், மல்லாக்க, டாக்டரம்மா.

கால்கள் மேலே. மீசை சரிந்து கிடந்தது. நிறம் வெளுத்து, உடம்பே கண்ணாடியாகத் தெரிந்தது. பக்கத்தில், சுண்டுவிரல் நீளப் பாவி, அந்த ஆறு கோட்டான், அவருடைய ஒரு காலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

என் கையிலிருந்த தீனி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. கண்முன் அந்த எக்செல் கட்டம் வந்தது, அதில் நான் அலட்சியமாகத் தாண்டிப்போன அந்த அரை மதிப்பெண் வந்தது. கொன்றது அவன், கொலைகாரனுக்குப் பத்துக்கு ஒன்பதரை போட்டு வீட்டுக்குள் அழைத்துவந்தது நான். ஆறு வருஷக் கடல், மாமாவின் அந்த ஒரே சிரிப்பு, ஹேமா, கல்யாணம் எல்லாம் மணலில் மல்லாக்கக் கிடந்தன.

கரண்டியால் உடலை வெளியே எடுத்தேன். காற்றாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. அட சண்டாளா, முழுதாக உறிஞ்சிவிட்டானே என்று பதறினேன். ஒரு எவர்சில்வர் தட்டில் கிடத்தி, வெள்ளை டிஷ்யூ பேப்பரால் போர்த்தினேன். இரண்டு நிமிடம் கைகட்டி நின்றேன்.

பிறகு எனக்கு வெறி வந்தது. கொலைகாரனைப் பிடித்து வெளியேற்றாமல் மாமாவின் முகத்தில் விழிக்கக்கூடாது என்று முடிவு செய்து, கையை உள்ளே விட்டேன்.

வலை போட்டேன், பாறை இடுக்குக்குள் போனான். இடுக்கைப் பொத்தினேன், அடுத்த இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தான். பதுங்க இடம் இருந்தால்தானே பதுங்குவான், ஒரே ஒரு பாறையை எடுத்துவிடுவோம் என்று யோசித்தேன். எடுத்த பாறையை வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். சமையலறைக்கு ஓடி ஒரு வாளி கொண்டுவந்து, தொட்டித் தண்ணீர் கொஞ்சம் மொண்டு ஊற்றி, அதில் வைத்தேன். அவன் அடுத்த பாறைக்குப் போனான். அதையும் எடுத்தேன். வாளி நிறைந்ததும் பிரியாணி டேக்சா. அது நிறைந்ததும் பிரஷர் குக்கர். அப்புறம் அத்தையின் இட்லிக் குண்டான். ஒரு பவளக் கிளை என் முழங்கை பட்டு 'மளுக்'கென்றது. கோமாளி மீன் என் கட்டைவிரலைக் கடித்தது (பேர்தான் கோமாளி). கடைசி வளைவின் அடிப்பாறையை அசைத்தேன். மேலே இருந்த மொத்தமும் சரிந்தது. மணல் கிளம்பி, தொட்டி முழுக்க சாம்பார் நிறமாகி, அதன்பிறகு கொலைகாரன் மட்டுமல்ல, யாருமே தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஹேமா ஓடிவந்தாள். நடு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முத்து... என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"டாக்டரம்மா போய்ட்டாங்க ஹேமா" என்றேன். தட்டைக் காட்டினேன். அவள் டிஷ்யூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்று முகத்தை மூடிக்கொண்டாள். ஆக, அந்த வீட்டில் அப்போது இருந்த இரண்டு பி.ஈ. பட்டதாரிகளுக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது வாசற்கதவு திறந்தது. மாமாவுக்குத் தொட்டியைப் பிரிந்து இரண்டாவது நாள் இருப்புக்கொள்ளவில்லையாம். காலை ரயிலைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

மாமா கையில் பையோடு நின்றார். ஹால் முழுக்கக் கணுக்காலளவு இல்லாவிட்டாலும் கால் நனைகிற அளவுக்கு உப்புத் தண்ணீர். தோள்வரை மணலோடு நான். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். முதலில் அலறியது அத்தைதான். "அய்யய்யோ! என் இட்லிக் குண்டான்!"

"அங்கிள், நான் எடுத்துட்டு வந்த மீனு டாக்டரம்மாவக் கொன்னுட்டு. அவனப் பிடிக்கத்தான்... மன்னிச்சிருங்க, எல்லாம் எந் தப்பு" என்று தட்டை நீட்டினேன். நீட்டும்போது அழுதேன் என்று ஹேமா சொல்வாள். உப்புத் தண்ணீர் என்று நான் சொல்வேன்.

மாமா டிஷ்யூவை விலக்கினார். அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி" என்றார். "இது தோலு. வளரும்போது கழட்டிப் போட்டுட்டுப் போவாங்க. மாசா மாசம் நடக்கறது."

எனக்கு உலகம் நின்றுவிட்டது. தூத்துக்குடிக்காரன்! பிறந்ததிலிருந்து ஆயிரக்கணக்கான இறாலை என் கையாலேயே உரித்துத் தின்றவன்! தோல் எது, இறால் எது என்று தெரியாமல் ஒரு தோலுக்கு டிஷ்யூ போர்த்தி அஞ்சலி செலுத்தியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று கையில் பிடித்தே பார்த்திருக்கிறேன். அப்போதும் புரியவில்லை.

ஆனால் அடுத்த நொடியே அதைவிடப் பெரிய அதிர்ச்சி மாமாவின் முகத்தில் தெரிந்தது. அவர் பை கீழே விழுந்தது.

"தோல் கழட்டினதும் உடம்பு மெத்துனு இருக்கும். ரெண்டு நாள் பாறைக்குள்ள போய் ஒளிஞ்சுப்பாங்க" என்றவர், ஹாலில் பரப்பியிருந்த வாளியை, டேக்சாவை, குக்கரைப் பார்த்தார். "எந்தப் பாறை?"

நாங்கள் நான்கு பேரும் மண்டிபோட்டோம். ஒவ்வொரு பாறையாகத் திருப்பி, ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தோம். நான் கும்பிடாத சாமி இல்லை. வாளியில் இல்லை. டேக்சாவில் இல்லை. குக்கரில் ஒரு நண்டுக்குஞ்சு இருந்தது; யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஹேமா அதே குக்கரில் இரண்டாவது முறை கைவிட்டுத் துழாவினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

"ஏங்க..." என்றாள் அத்தை மெல்ல.

இட்லிக் குண்டானில், ஒரு கருத்த பாறையின் பொந்திலிருந்து, இரண்டு வெள்ளை மீசை வெளியே வந்து ஆடியது. மாமா தண்ணீருக்குள் விரலை நீட்டினார். டாக்டரம்மா புதுச் சிவப்பில், பளபளவென்று, நிதானமாக இறங்கிவந்து அவர் நகத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் தண்ணீர் தெளிந்தபோது, பம்ப்புக்குப் பின்னாலிருந்து ஆறு கோட்டானும் வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி அருகே நின்று என்னைப் பார்த்தான். பழைய தோலைக் கொஞ்சம் கொறித்ததைத் தவிர அவன் ஒரு பாவமும் அறியாதவன்.

அதன்பிறகு எட்டு நாள் மாமா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தினமும் ஆபீஸ் விட்டதும் மாதாப்பூரிலிருந்து மல்காஜ்கிரி வந்து, உப்புத் தண்ணீர் டிரம்மைத் தூக்கினேன். அவர் பாறைகளை மறுபடி அடுக்கினார். உடைந்த பவளத்தைப் பசை போட்டு ஒரு கல்லில் ஒட்டினார். 'பிழைக்குமா?' என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதைக் கேட்கிறேன் என்று அவர் நினைப்பாரோ என்ற பயம்தான். அம்மா போனில், "எமகண்டத்துல எடுத்திருப்ப" என்று முடித்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் டிரம்மை இறக்கி வைத்தபோது, மாமா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, பொண்ணக் கொடுக்கறேன். தொட்டிய மட்டும் கேட்டுராதீங்க. நக்கோ."

என்ன நடந்தது என்று பிறகு அத்தைதான் சொன்னாள். முந்தின நாள் சாப்பிடும்போது மாமா தானாகவே சிரித்தாராம் (அத்தை சொல்லும் 'கைக்கு'வுக்கு எதற்கு என்று பொருள்). "கைக்கு சிரிக்கிறீங்கன்னு கேட்டேன் மாப்ளே. ஒரு இறாலு போச்சுன்னே இந்தப் புள்ள இந்தப் பாடு படுறான், நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒரு ஜுரம் வந்தா வீட்டையே இடிச்சிருவான்னாரு. அப்புறம் என்ன, கொடுத்துரலாம்னாரு."

கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது. தொட்டிக்கு முன்னால் மூன்றடி தள்ளி, தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. அது எனக்காக ஒட்டப்பட்டது. மற்றவர்கள் தாராளமாகத் தாண்டலாம். என் மூன்று வயது மகள் தொட்டியோரம் நின்றுகொண்டு, நான் ஒரு கால் எடுத்து வைத்தால் போதும், "நான்னா, அக்கடே ஆகு!" என்று கத்துகிறாள் (அப்பா, அங்கேயே நில் என்று தெலுங்கில் உத்தரவு, தமிழில் திட்டினால் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்). இறால் குழம்பு வைக்கிற நாளில் அத்தை பரிமாறிவிட்டு, "மாப்ளே, தோலு எது, உள்ள இருக்கறது எது, காட்டட்டுமா?" என்று கேட்காமல் நகர்வதில்லை. இட்லிக்கு அந்த வீட்டில் வேறு குண்டான் வாங்கியாகிவிட்டது. பழையதற்கு டாக்டரம்மா குண்டான் என்று பேர்; அதில் இப்போது அரிசி ஊறவைக்கக்கூட அத்தை சம்மதிப்பதில்லை.

ஆறு கோட்டான் கிழவனாகி, இன்னும் அங்கேயேதான் இருக்கிறான். ஒட்டிய பவளம் பிழைத்து, உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. போன மாதம் மாமாவின் பழைய சகா ஒருவர் வந்திருந்தார். தொட்டியை வெகுநேரம் ரசித்துவிட்டு, "இத்தனை ஜாதி மீனும் எப்படிப்பா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது?" என்று கேட்டார்.

"எல்லாம் ஒத்துப்போகும்" என்றார் மாமா. பிறகு, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் காபி டம்ளரோடு நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒண்ணு மட்டும்தான் கொஞ்சம் பாத்து வெக்கணும்."